ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள்: டெல்டா மாணவர்களுக்கு பிஜி சேர்க்கை முழு வழிகாட்டி

நம்ம டெல்டா பக்கம் பிஜி பற்றிய பேச்சு ஜூன் மாதம்தான் தொடங்கும். மேட்டூர் திறக்கும் தேதி பற்றிய பேச்சோடு பேச்சாக, கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்ததும், "அடுத்து என்னம்மா செய்யப் போறே?" என்று சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ கேட்பார்கள். அப்போதுதான் தேட ஆரம்பிப்போம். சிக்கலே அங்கேதான். ஐஐடி எம்எஸ்சிக்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் முடிந்திருக்கும், அதற்கு விண்ணப்பிக்கும் நாள் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே போயிருக்கும். எம்டெக்குக்கான கேட், கேட் எழுதாதவர்களுக்கான சீட்டா, மத்தியப் பல்கலைக்கழகத் தேர்வு, எம்பிஏ, எம்சிஏவுக்கான டான்செட் எல்லாம் பெரும்பாலும் மார்ச்சுக்குள் முடிந்துவிடும். ஜூனில் மிச்சமிருப்பது அரசு கலைக் கல்லூரி விண்ணப்பமும் மேனேஜ்மென்ட் கோட்டாவும்தான். அதனால் இந்த வழிகாட்டி இறுதியாண்டின் ஆகஸ்டிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் இரண்டாம் ஆண்டில் இருந்தால் இன்னும் நல்லது.

முதல் படி: எதற்காக என்று முடிவு செய்வது

"சும்மா வீட்டில் இருப்பதற்கு ஏதாவது படிக்கட்டும்" என்பதற்காக எடுக்கும் பிஜியைவிட மோசமான செலவு கிடையாது, காசைவிட இரண்டு வருடம் பெரிது. உங்கள் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஆராய்ச்சி என்றால், எம்எஸ்சி அல்லது எம்டெக் எங்கே படிக்கிறீர்கள் என்பது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அங்கிருக்கும் ஆய்வகமும் ப்ராஜெக்ட் கைடும்தான் அடுத்த பிஎச்டி இடத்தைத் தீர்மானிக்கும். ஆசிரியர் வேலை என்றால் கணக்கு வேறு: பள்ளியில் முதுகலை ஆசிரியராக வேண்டுமானால் பிஜியோடு பிஎட் வேண்டும், கல்லூரிக்கு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வில் தேர்ச்சி, இல்லை பிஎச்டி. இந்த வழியில் போகிறவர்களுக்கு வீட்டுப் பக்கத்து அரசுக் கல்லூரி ஒன்றும் குறைந்ததில்லை. மூன்றாவது, கம்பெனி வேலை. அப்படியென்றால் சேரப் போகும் துறையின் ப்ளேஸ்மென்ட் விவரத்தை, கல்லூரி முழுவதற்கும் சேர்த்துப் போட்ட விளம்பர எண்ணாக இல்லாமல், அந்த ஒரு படிப்புக்கு மட்டும் கேட்டு வாங்குங்கள். சொல்லத் தயங்கினால் அதுவே பதில்.

எம்பிஏ பற்றி என் கருத்து: டிகிரி முடித்த கையோடு போவதைவிட இரண்டு வருடம் எங்காவது வேலை பார்த்துவிட்டுப் போனால் வகுப்பில் பேசுவது புரியும், நேர்காணலிலும் சொல்ல ஏதாவது இருக்கும். எல்லோருக்கும் வீட்டு நிலைமை இடம் கொடுக்காது, அது தெரிந்துதான் சொல்கிறேன்.

இரண்டாம் படி: பஸ் தூரத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது

சென்னை, கோயம்புத்தூர் என்று யோசிக்கும் முன் நம்மைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள். தஞ்சாவூர்–திருச்சி சாலையில் துவாக்குடியில் என்ஐடி. 1964இல் வட்டாரப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது, எம்டெக் மட்டுமல்லாமல் எம்எஸ்சி, எம்சிஏ, எம்பிஏவும் உண்டு. காரைக்காலில் இன்னொரு என்ஐடி இருக்கிறது, புதுச்சேரி என்ஐடி என்ற பெயரில் இருப்பதால் நாகப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கே பாதிப் பேருக்கு அது பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை. திருவாரூர் பக்கம் நீலக்குடியில் 2009இல் வந்த தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம். திருச்சி சூரியூரில் 2011இல் தொடங்கிய ஐஐஎம். தஞ்சாவூரில் உணவுப் பதப்படுத்துதலுக்கான தேசிய நிறுவனம் நிஃப்டெம். நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக ஆரம்பித்து வளர்ந்த இடம், உணவுத் தொழில்நுட்பத்தில் எம்டெக் படிக்க நினைப்பவர்கள் வேறெங்கும் போவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம், திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா, திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் அதன் மேலாண்மை நிறுவனமான பிம்மும், வடக்கே கொள்ளிடம் தாண்டினால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

அரசுக் கல்லூரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி 1854இல் தொடங்கியது, ராமானுஜன் படித்த இடம் (அங்கே முதலாண்டில் கணக்கைத் தவிர மற்றதில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார் என்பதையும் யாராவது மாணவர்களிடம் சொன்னால் தேவலை). தஞ்சை சரபோஜி கல்லூரி, குந்தவை நாச்சியார் கல்லூரி, மன்னார்குடி, திருவாரூர் அரசுக் கல்லூரிகள், தனியார் உதவி பெறுவதில் பூண்டி புஷ்பம், மயிலாடுதுறை ஏவிசி. இவற்றில் பிஜி கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் சேரும் முன் ஒரு நாள் நேரில் போய் ஆய்வகத்தை எட்டிப் பாருங்கள், கருவிகள் ஓடுகின்றனவா, துறையில் எத்தனை பேராசிரியர் இடம் காலியாக இருக்கிறது என்று இப்போது படிக்கும் சீனியர்களிடம் கேளுங்கள். துறைத் தலைவரிடம் கேட்டால் நல்ல பதில் கிடைக்கும், சீனியரிடம் கேட்டால் உண்மையான பதில் கிடைக்கும்.

மூன்றாம் படி: கல்லூரியைத் தேர்வு செய்யாதீர்கள், தேர்வைத் தேர்வு செய்யுங்கள்

எந்த நுழைவுத்தேர்வு எழுதுகிறீர்கள் என்பதுதான் எந்த இடங்கள் உங்களுக்குத் திறக்கும் என்பதைச் சொல்லும். துறை துறையாகப் பார்க்கலாம்.

அறிவியல் மாணவர்களுக்கு ஜாம்தான் முதல். 7 பாடங்கள்: இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், நிலவியல், பொருளியல். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். முதல் 30 கேள்விகள் ஒரே விடை கொண்டவை, இவற்றில் மட்டும்தான் தப்பு விடைக்கு மதிப்பெண் பிடிப்பார்கள். அடுத்த 10 கேள்விகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை இருக்கலாம், கடைசி 20 கேள்விகளுக்கு எண்ணைக் கணக்கிட்டு நீங்களே பதிய வேண்டும். இந்த இரண்டு பகுதியிலும் மைனஸ் கிடையாது, அதனால் ஒன்றையும் காலியாக விட்டு வரக் கூடாது. இதே மதிப்பெண்ணை வைத்து என்ஐடிகளின் எம்எஸ்சி இடங்களுக்கும் சிசிஎம்என் கவுன்சிலிங்கில் போகலாம், துவாக்குடி உட்பட. ஜாம் எழுதுபவர்கள் பலர் இதை மறந்து, ஐஐடி கிடைக்கவில்லை என்றதும் விட்டுவிடுகிறார்கள்.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் பிஜி. 75 கேள்வி, சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. நீலக்குடிக்கு மட்டுமல்ல, ஹைதராபாத், புதுச்சேரி, டெல்லி என்று எல்லாப் பக்கமும் இதுவே கதவு. ஒரு விஷயம் கவனம்: தேர்வு எழுதினால் மட்டும் போதாது, ரிசல்ட் வந்த பிறகு விரும்பும் பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு இதைச் செய்யாமல் சீட்டை விடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

கணக்கில் உண்மையிலேயே பித்து உள்ளவர்கள் சென்னை கணிதவியல் நிறுவனத்தின் தேர்வை விடாதீர்கள், கணிதம், கணினி அறிவியல், டேட்டா சயின்ஸ் மூன்றிலும் எம்எஸ்சி உண்டு. உயிரித் தொழில்நுட்பத்துக்கு கேட்-பி என்று தனித் தேர்வு இருக்கிறது, இயற்பியல் ஆராய்ச்சிக்கு ஜெஸ்ட். மற்றபடி நம் மாநில அரசுக் கல்லூரிகளுக்கு நுழைவுத்தேர்வு இல்லை. டிஎன்காசா தளத்தில் விண்ணப்பம், டிகிரி மதிப்பெண்தான் கணக்கு.

பொறியியலுக்கு கேட். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் 7 ஐஐடிகளும் முறை வைத்து நடத்துவது. 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 பொது அறிவுத்திறனுக்கு. இந்த 15ஐ எந்தத் துறை மாணவரும் எடுக்கலாம், ஆனால் நம்ம ஆட்கள் கடைசி வாரம்தான் அதைத் திறப்பார்கள். மதிப்பெண் 3 வருடம் செல்லும். மூன்றாம் ஆண்டிலேயே எழுத அனுமதி உண்டு, எழுதிப் பாருங்கள். கேட் தகுதியோடு முழுநேர எம்டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. இது ஐஐடி, என்ஐடிக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் அனுமதி பெற்ற தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கிடைக்கும், சேரும்போது மதிப்பெண் செல்லுபடியாக இருக்க வேண்டும், கல்லூரி உங்கள் பெயரைத் தளத்தில் ஏற்ற வேண்டும். இதை அலுவலகத்தில் நீங்களாகக் கேட்டால்தான் நகரும். கேட் எழுதாதவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா தேர்வு. 2023க்கு முன் டான்செட்டோடு இருந்தது, இப்போது எம்இ, எம்டெக்குக்குத் தனி. எம்எஸ்சி முடித்தவர்களும் கேட் எழுதி சில எம்டெக் பிரிவுகளில் சேரலாம், இயற்பியல் முடித்து மெட்டீரியல்ஸ் பக்கம் போனவர்கள் நிறைய.

மேலாண்மைக்கு கேட்டின் பெயரையே ஒத்த கேட், அதாவது ஐஐஎம்கள் நடத்தும் கேட் (எழுதும்போதும் சொல்லும்போதும் இந்தக் குழப்பம் வரும், இனி அதை ஐஐஎம் தேர்வு என்றே சொல்கிறேன்). நவம்பர் கடைசியில் நடக்கும். மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், ஒரு பகுதியில் மிச்சமான நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. முதல் பகுதி ஆங்கில வாசிப்பு, நம் பிள்ளைகள் விழுவது இங்கேதான். இதற்குக் குறுக்குவழி இல்லை, ஆறு மாதம் தினமும் ஆங்கிலக் கட்டுரை ஒன்று வாசித்தால் உண்டு. சூரியூர் ஐஐஎம், என்ஐடி எம்பிஏ, பிம் மூன்றும் இந்த மதிப்பெண்ணைப் பார்க்கும். மாநிலத்துக்குள் போதும் என்றால் டான்செட்: 100 கேள்வி, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. எம்சிஏவுக்கும் டான்செட் உண்டு, ஆனால் என்ஐடி எம்சிஏ வேண்டுமானால் நிம்செட் எழுத வேண்டும், அதில் கணக்குதான் ஆட்டத்தை முடிவு செய்யும்.

நான்காம் படி: காலண்டரை மழையோடு சேர்த்துப் போடுவது

ஆகஸ்ட், செப்டம்பரில் ஐஐஎம் தேர்வு, கேட், ஜாம் விண்ணப்பங்கள் திறக்கும். டிசம்பர் வாக்கில் க்யூட் பிஜி, ஜனவரி, பிப்ரவரியில் டான்செட்டும் சீட்டாவும். பிப்ரவரியில் கேட், ஜாம் தேர்வுகள், மார்ச்சிலிருந்து மற்றவை. மே முதல் ஜூலை வரை கவுன்சிலிங்.

வெளியூர்க்காரர்களுக்கு இவ்வளவு போதும். நமக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இருக்கிறது. கஜா புயல் 2018இல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது நவம்பர் 16ஆம் தேதி. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர்கள் இருந்தன. அப்படி ஒரு வருடம் திரும்ப வந்தால் கடைசித் தேதியை நம்பி உட்கார்ந்திருந்தவர் நிலைமை என்ன? விண்ணப்பத்தை மழைக்கு முன், செப்டம்பருக்குள் முடியுங்கள், ஐஐஎம் தேர்வுக்கு முதல் நாளே திருச்சியோ தஞ்சாவூரோ போய்ச் சேர்ந்துவிடுங்கள். அப்புறம், கேட்டும் ஜாமும் வருவது சம்பா அறுவடை நேரம். வயல் உள்ள வீட்டில் அந்த நாட்களில் எல்லோருக்கும் வேலை இருக்கும், "ஒரு நாள் வந்து நில்லு" என்பார்கள். பொங்கலுக்கு முன்பே அப்பாவிடம் தேர்வுத் தேதியைச் சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் படி: தயாரிப்பு

நம் பல்கலைக்கழகத் தேர்வும் இந்த நுழைவுத்தேர்வுகளும் கேட்பது வேறு வேறு. நாம் "கேலி-ஹாமில்டன் தேற்றத்தைக் கூறி நிறுவுக" என்ற பத்து மதிப்பெண் கேள்விக்குப் பழகியவர்கள். ஜாமில் வருவது இப்படி இருக்கும்: 3×3 அணி ஒன்றின் ஐகன் மதிப்புகள் 1, 2, 3 என்றால் அதன் வர்க்கத்தின் டிரேஸ் என்ன? வர்க்கத்தின் ஐகன் மதிப்புகள் 1, 4, 9, கூட்டினால் 14, முடிந்தது. தேற்றத்தை மனப்பாடமாக எழுதத் தெரிந்தவர் இதில் நிற்பார், ஐகன் மதிப்பு என்றால் என்ன என்று புரிந்தவர் பத்து நொடியில் போய்விடுவார். எனவே புதுப் பாடம் தேடி ஓட வேண்டாம். முதல் இரண்டு வருடப் பாடங்களையே எடுத்து, ஒவ்வொரு தலைப்புக்கும் பழைய வினாத்தாள் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள். பழைய தாள்கள் தேர்வுத் தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

பயிற்சி மையம் வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். திருச்சிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருவதில் நாளுக்கு மூன்று மணி நேரம் போகும் என்றால் வேண்டாம் என்பேன். ஐஐடி பேராசிரியர்களின் என்பிடெல் இணைய வகுப்புகள் இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். உங்களுக்குத் தேவை பாடத்தைவிட, சேர்ந்து கணக்குப் போட இரண்டு மூன்று பேர். வகுப்பில் அப்படி ஆள் பிடியுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு: இந்தத் தேர்வுகளில் மொழி பயப்படுகிற அளவுக்குக் கடினமில்லை, கேள்வி இரண்டு வரிதான். பாடச் சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அணி, வகைக்கெழு, உந்தம் என்று தமிழில் தெரிந்த ஒவ்வொன்றுக்கும் எதிரே. கேட், ஜாம் இரண்டிலும் கால்குலேட்டர் திரையில்தான், மவுஸால் தட்ட வேண்டும். அது எரிச்சலூட்டும், மாதிரித் தேர்விலேயே கையைப் பழக்குங்கள்.

ஆறாம் படி: சான்றிதழ்கள்

மதிப்பெண் இருந்தும் சீட் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஒன்று, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். வட இந்தியத் தளங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும்போது ஆளாளுக்கு ஒன்றைப் போடுகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து ஆதாரை இப்போதே திருத்திவிடுங்கள், பிறகு எல்லா விண்ணப்பத்திலும் எழுத்து மாறாமல் அதையே போடுங்கள்.

இரண்டு, ஓபிசி சான்றிதழ். உங்களிடம் இருக்கும் பிசி அல்லது எம்பிசி அட்டை மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி நான்-கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவில் வராதவர் என்ற) சான்றிதழ், அந்த நிதியாண்டில் வாங்கியது வேண்டும். அதாவது கவுன்சிலிங்குக்கு ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதைக் கேட்பார்கள். முதலில் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதில் இருக்காது. 8 லட்ச ரூபாய் வருமான வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல் "நமக்கு நிலம் இருக்கு, கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமலே இருக்கும் குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம். ஆனால் நில அளவுக்கும் பெற்றோரின் அரசுப் பதவிக்கும் தனி வரம்புகள் உண்டு, அதையும் பாருங்கள். இ-சேவை மையத்தில் பதிந்தால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மேலே போக வேண்டும். ஏப்ரல் முதல் வாரமே பதிந்துவிடுங்கள்.

மூன்று, கடைசி செமஸ்டர் ரிசல்ட். நம் பக்கம் அது தாமதமாவது சகஜம். பெரும்பாலான இடங்களில் பிறகு தருகிறேன் என்ற உறுதிமொழியோடு தற்காலிகமாகச் சேர்த்துக்கொள்வார்கள், குறித்த நாளுக்குள் ப்ரொவிஷனலும் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டும் தர வேண்டும். அரியர் இருந்தால் அந்த வழி அடைபடும், எனவே ஐந்தாவது செமஸ்டருக்குள் அரியரை முடிப்பதுதான் நுழைவுத்தேர்வுத் தயாரிப்பைவிட அவசரம். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் டிசியோடு மைக்ரேஷன் சான்றிதழையும் மறக்காமல் கேளுங்கள்.

ஏழாம் படி: கவுன்சிலிங்

ஐஐடி எம்டெக்குக்கு கோஆப், என்ஐடிக்கு சிசிஎம்டி, அண்ணா பல்கலைக்கழக எம்இக்கு டான்கா. ஒவ்வொன்றும் தனித் தளம், தனிப் பதிவு. விருப்பப் பட்டியலில் கிடைக்காது என்று நினைத்து எதையும் விடாதீர்கள், உண்மையான விருப்ப வரிசையில் போடுங்கள், பட்டியல் நீளமாக இருப்பதால் நஷ்டம் எதுவும் வராது. சீட் ஒதுக்கப்பட்டதும் சிசிஎம்டியில் மூன்று வாய்ப்பு: ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும், ஃப்ளோட் என்றால் எந்தக் கல்லூரியானாலும் மேலானது கிடைத்தால் மாறுவேன், ஸ்லைடு என்றால் இதே கல்லூரியில் மேலான பிரிவுக்கு மட்டும். எதையும் தேர்வு செய்யாமல், கட்டணம் கட்டாமல் நாளைக் கடத்தினால் சீட் போய்விடும். நெட் சிக்னல் சரியில்லாத ஊரில் இருப்பவர்கள் அந்த வாரம் டவுனில் உறவினர் வீட்டில் தங்கினாலும் தப்பில்லை.

எட்டாம் படி: பணம்

4 லட்ச ரூபாய் வரை கல்விக் கடனுக்கு அடமானம் தேவையில்லை, 7.5 லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் கடன் உத்தரவாதத் திட்டத்தில் தர வழி உண்டு. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை, வட்டி மட்டும் ஓடும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொழிற்படிப்பு படித்தால் அந்தக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது, கிளையில் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். என்ஐடி, ஐஐஎம் போன்ற பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2024இல் அறிவித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில் ஈடும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் உண்டு.

கடன் உங்கள் பெயரில் என்றாலும் அப்பாவோ அம்மாவோ இணைக் கடனாளி. அவர் பெயரில் பயிர்க்கடனோ நகைக்கடனோ கெடு தாண்டி நின்றால் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது தெரியும், மேனேஜர் இழுத்தடிப்பார். எந்த வங்கியில் என்ன பாக்கி என்று ஜனவரியிலேயே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள், அறுவடைப் பணம் வந்ததும் முதலில் அடைக்க வேண்டியது எது என்று அப்போது தெரியும். சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல் மூன்றும் கையில் வந்த அன்றே விண்ணப்பியுங்கள், ஏனென்றால் சீட்டை உறுதி செய்யும் முதல் தவணைக்கு ஒரு வாரம்கூடக் கொடுக்க மாட்டார்கள். அந்த முதல் தவணையை மட்டும் கடனை நம்பாமல் கையிருப்பாக வைத்திருங்கள்.